இணைய வரைபடத்தை ஒரே கோப்பாகக் கட்டுவது எப்படி: டைல், ஸ்டைல், எழுத்துரு, ஐகான் எல்லாம் சேர்த்து

சிக்னல் கிடைக்காத இடத்துக்கு வரைபடம் கொண்டுபோக வேண்டும் என்றதும் எல்லோரும் முதலில் டைல்களை, அதாவது வரைபடத்தைச் சதுரம் சதுரமாக வெட்டிவைத்த துண்டுகளைத்தான் டவுன்லோட் செய்கிறார்கள். மலையேறிப் போய் போனைத் திறந்தால் சாலையும் ஓடையும் தெரிகிறது. ஊர்ப் பெயர் ஒன்றுகூட இல்லை. பெயர் வந்தால் ஐகான் இல்லை. இரண்டும் வந்தால், கொஞ்சம் பெரிதாக்கியதுமே திரை வெளுத்துவிடுகிறது. டைல்களில் குறை ஒன்றும் இருக்காது. எதை எந்த நிறத்தில், எப்படி வரைவது என்று சொல்லி அவற்றை வரைபடமாக்கும் ஸ்டைலும், எழுத்துருவும் ஐகானும் இணையத்திலேயே தங்கிவிட்டிருக்கும்.

இந்த வேலையைப் பலரோடு உட்கார்ந்து செய்து பார்த்ததில் எனக்கு ஒன்று உறுதியாகத் தெரிந்தது. தவறு பெரும்பாலும் கட்டளையில் இல்லை, வரிசையில் இருக்கிறது. டைலில் தொடங்கினால் கடைசி வரை ஓட்டை அடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்டைலில் தொடங்கினால், என்னென்ன வேண்டும் என்ற பட்டியலை அதுவே கொடுத்துவிடும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான்.

எடுத்துக்காட்டாக நீலகிரி மாவட்டத்தை வைத்துக்கொள்வோம். கட்டப்போகும் கோப்பு எஸ்எம்பி வகை, அதாவது ஸ்டைல்டு மேப் பேக்கேஜ். உள்ளே பார்த்தால் அது ஒரு ஜிப் கோப்புதான்: வேரில், அதாவது மேல்மட்டத்தில், ஸ்டைல்.ஜேசன் என்ற உரைக் கோப்பு, அதனுடன் எழுத்துரு, ஐகான், டைல் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கோப்புறைகள். களத்தில் தகவல் சேகரிக்க உதவும் கோமாப்பியோ செயலி இதைப் பின்னணி வரைபடமாக நேரடியாகத் திறக்கும். எம்பிடைல்ஸ், பிஎம்டைல்ஸ் வடிவங்களிலும் எல்லாம் ஒற்றைக் கோப்பில்தானே இருக்கிறது என்று கேட்பார்கள். ஆமாம், ஆனால் அவற்றுக்குள் டைல் மட்டும்தான் இருக்கிறது. மேலே சொன்ன வெறும் வரைபடம் அங்கிருந்துதான் வருகிறது.

ஒரு குறிப்பு: கட்டளைகளையும் புலப் பெயர்களையும் இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது அவற்றை ஆங்கில எழுத்தில்தான் கொடுக்க வேண்டும்.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கணினியில் நோட் ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் மென்பொருள்) நிறுவப்பட்டிருக்க வேண்டும். அதனுடன் வரும் என்பிஎம் என்ற நிறுவும் கருவி வழியாக 'ஸ்டைல்டு-மேப்-பேக்கேஜ்' என்ற கருவியை நிறுவினால் 'எஸ்எம்பி' என்ற கட்டளை கிடைக்கும். அதில் நமக்குத் தேவை இரண்டு துணைக் கட்டளைகள்: கோப்பைக் கட்ட 'டவுன்லோட்', கட்டியதைப் பார்க்க 'வியூ'.

ஜேசன் பிழைகளைச் சுட்டிக்காட்டும் எடிட்டர் ஒன்று வேண்டும். நோட்பேடில் திருத்தி, ஒரு காற்புள்ளியைத் தொலைத்துவிட்டு மாலை வரை தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பக்கம் எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலையில் பாதி அங்கேதான் நடக்கிறது.

அப்புறம், பயன்படுத்த உரிமை உள்ள ஒரு ஸ்டைல், அதற்கான எழுத்துருக்களின் டிடிஎஃப் கோப்புகள், ஐகான்களின் எஸ்விஜி கோப்புகள். கடைசி இரண்டும் இப்போதே கையில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எவை வேண்டும் என்பது நான்காம் படியில்தான் தெரியும்.

## 2. எல்லையையும் ஜூமையும் காகிதத்தில் எழுதுங்கள்

இந்த இரண்டும் முடிவாகாமல் எதையும் டவுன்லோட் செய்யக் கூடாது. கோப்பின் அளவைத் தீர்மானிப்பவை இவைதான்.

எல்லைப் பெட்டியை மேற்கு, தெற்கு, கிழக்கு, வடக்கு என்ற வரிசையில் எழுத வேண்டும். நீலகிரிக்கு நான் எடுத்தது 76.2, 11.15, 77.05, 11.75. தீர்க்கரேகைதான் முதலில் வரும். போன் வரைபடங்களில் அட்சரேகை முதலில் வந்து பழகியதால் புதியவர்கள் மாற்றி எழுதிவிடுகிறார்கள். இதே எண்களை மாற்றிப் போட்டால் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தை ஒட்டிய கடல் வரும். கருவி எந்தப் பிழையும் காட்டாமல் அந்தக் கடலைப் பத்திரமாகக் கட்டிக் கொடுக்கும்.

இனி ஜூம். ஒவ்வொரு ஜூம் ஏறும்போதும் டைல் எண்ணிக்கை ஏறக்குறைய நான்கு மடங்காகும். நம் பெட்டிக்குக் கணக்குப் போட்டால் ஜூம் 0 முதல் 8 வரை மொத்தமே 13 டைல்கள். ஜூம் 12-இல் 88, 13-இல் 315, 14-இல் 40 பத்தி, 29 வரிசை என்று 1,160. ஆக, 0 முதல் 14 வரை மொத்தம் 1,622 டைல்கள். கடைசி ஜூம் மட்டுமே பத்தில் ஏழு பங்கு.

இதிலிருந்து இரண்டு முடிவுகள். முதலாவது, இடத்தை மிச்சப்படுத்துவதாக நினைத்து ஜூம் 9-இலிருந்து தொடங்காதீர்கள். 13 டைலில் மிச்சமாவது ஒன்றுமில்லை. அவை இல்லையென்றால், ஒருவர் வரைபடத்தைச் சுருக்கியதும் வெள்ளைத் திரைதான் தெரியும். இரண்டாவது, வெக்டர் டைல் என்றால் 14 பெரும்பாலும் போதும். வெக்டரில் இருப்பது கோடுகளும் புள்ளிகளும். ஜூம் 14 டைலை வைத்தே மென்பொருள் 17, 18 வரை கூர்மையாக வரைந்துவிடும்.

செயற்கைக்கோள் படம் மாதிரியான ராஸ்டர் டைலுக்கு இந்த வசதி இல்லை, பெரிதாக்கினால் மங்கும். ஜூம் 15-இல் 4,503, 16-இல் 17,628, 17-இல் 69,664 என்று ஏறிக்கொண்டே போகும். ராஸ்டர் வேண்டும் என்று கேட்பவரிடம் இந்த எண்களைக் காட்டிவிட்டு, எந்தப் பகுதிக்கு அவ்வளவு விவரம் தேவை என்று கேளுங்கள். பெரும்பாலும் மாவட்டம் முழுவதும் தேவைப்படாது.

## 3. எடுக்க உரிமை இருக்கிறதா?

தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவு திறந்த தரவு. ஓடிபிஎல் உரிமத்தில் யாரும் எடுக்கலாம். ஆனால் அவர்களுடைய டைல் சர்வர் வேறு விஷயம். அதிலிருந்து மொத்தமாக டைல்களை இழுப்பதை அதன் பயன்பாட்டு விதி தடை செய்கிறது. தரவு இலவசம் என்றால் சர்வரும் இலவசம் என்று குழப்பிக்கொள்வது மிகச் சாதாரணமாக நடக்கிறது. நன்கொடையில் ஓடும் சர்வர் அது. தயவுசெய்து அதைத் தொடாதீர்கள்.

வணிகச் சேவைகள் பலவும் ஆஃப்லைன் சேமிப்பைத் தடுக்கின்றன, அல்லது தனிக் கட்டணம் கேட்கின்றன. நீங்கள் எடுக்கப்போகும் சேவையின் விதியில் 'ஆஃப்லைன்' என்ற சொல்லைத் தேடிப் படித்துவிட்டுத் தொடங்குங்கள். ஐயம் இருந்தால் டைல்களை நீங்களே செய்துகொள்ளலாம், ஏழாம் படியில் சொல்கிறேன்.

## 4. ஸ்டைலைத் திறந்து பட்டியல் எடுங்கள்

ஸ்டைல்.ஜேசனை எடிட்டரில் திறந்தால் கவனிக்க வேண்டியவை நான்கு புலங்கள்: சோர்சஸ், கிளிஃப்ஸ், ஸ்பிரைட், லேயர்ஸ். டைல் எங்கிருந்து வருகிறது, எழுத்துரு எங்கிருந்து, ஐகான் எங்கிருந்து, இவற்றை வைத்து என்ன வரைய வேண்டும் என்பதுதான் முறையே அவற்றின் பொருள்.

முதலில் சோர்சஸ். ஒரு சோர்ஸில் 'டைல்ஸ்' என்ற பட்டியல் இருக்கலாம், அல்லது 'யூஆர்எல்' என்ற ஒற்றை முகவரி மட்டும் இருக்கலாம். இரண்டாவது வகை டைல்ஜேசன் என்ற இன்னொரு கோப்பைச் சுட்டுகிறது. கையால் கட்டுபவர்கள் அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டால் டைல்கள் பெட்டிக்குள் இருந்தும் வராது. டைல் எங்கே என்று சொல்லும் காகிதம் இணையத்தில் இருக்கிறதே. அந்த முகவரியைத் திறந்து, உள்ளே இருக்கும் டைல்ஸ், மின்ஜூம், மேக்ஸ்ஜூம், பவுண்ட்ஸ், அட்ரிப்யூஷன் ஐந்தையும் ஸ்டைலுக்குள்ளேயே நகலெடுத்துவிட்டு 'யூஆர்எல்' வரியை நீக்குங்கள்.

மேக்ஸ்ஜூம் வரியை இரண்டு முறை சரிபாருங்கள். அது இல்லையென்றால், திரையில் வரைபடத்தை வரையும் மென்பொருளான மேப்லிப்ரே அதை 22 என்று எடுத்துக்கொள்ளும். உங்களிடம் இருப்பது 14 வரைதான். பயனர் 15-க்குப் போனதும் மென்பொருள் 15-ஆம் ஜூம் டைலைத் தேடும், கிடைக்காது, திரை வெளுக்கும். 14 என்று எழுதியிருந்தால் தேடாமல் 14-ஐயே பெரிதாக்கி வரையும். 'பெரிதாக்கினால் மறைகிறது' என்று என்னிடம் வரும் கோப்புகளில் முதலில் நான் பார்ப்பது இந்த ஒரு வரியைத்தான்.

பவுண்ட்ஸும் அப்படித்தான். அது இருந்தால் எல்லைக்கு வெளியே டைல் தேடும் வீண் வேலை நடக்காது.

முகவரிகளில் சேவையின் சாவி (உங்கள் கணக்குக்குரிய ஏபிஐ கீ) ஒட்டிக்கொண்டிருக்கிறதா பாருங்கள். கோப்பு பத்துக் கைகளுக்குப் போகும், சாவியும் கூடவே போகும். இணைய முகவரியோடு இருக்கும் ஜியோஜேசன் (இடத் தரவை எழுதும் ஜேசன் வடிவம்) சோர்ஸ் ஏதாவது இருந்தால் அதன் தரவையும் ஸ்டைலுக்குள்ளேயே ஒட்டிவிடுங்கள்.

அடுத்து லேயர்ஸ். இங்கே இரண்டு பட்டியல்கள் எடுக்க வேண்டும். ஒன்று, 'டெக்ஸ்ட்-ஃபான்ட்' என்ற இடங்களில் வரும் எழுத்துருப் பெயர்கள். மற்றொன்று, 'ஐகான்-இமேஜ்', 'ஃபில்-பேட்டர்ன்', 'லைன்-பேட்டர்ன்' ஆகியவற்றில் வரும் படப் பெயர்கள். பேட்டர்ன் இரண்டும் ஐகான் போலத் தோன்றாது என்பதால் விட்டுவிடுவார்கள். அப்புறம் காட்டுப் பகுதியின் புள்ளிக் கோலமும் சதுப்பு நிலத்தின் கோடுகளும் காணாமல் போயிருக்கும்.

எழுத்துரு எடுக்கும்போது, பெயர் எழுதும் லேயரில் டெக்ஸ்ட்-ஃபான்ட் வரியே இல்லை என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். வரி இல்லாத லேயருக்கு மேப்லிப்ரே 'ஓப்பன் சான்ஸ் ரெகுலர், ஏரியல் யூனிகோட் எம்எஸ் ரெகுலர்' என்ற ஜோடியைத் தானாகக் கேட்கும். களப்பணிக்குப் போன ஒரு குழுவுக்கு நான் கொடுத்த கோப்பில் இதைத் தவறவிட்டேன். எல்லா ஊர்ப் பெயரும் வந்தது, ஓடைகளின் பெயர் மட்டும் வரவில்லை. அவர்கள் போனதே ஓடைகளைக் கணக்கெடுக்க. அந்த ஒரு லேயரில் எழுத்துரு வரி இல்லை. அலுவலகத்தில் இணையம் இருந்ததால் எனக்கு அது தெரியவே இல்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு லேயரிலும் எழுத்துருவை வெளிப்படையாக எழுதிவிடுகிறேன்.

## 5. எழுத்துரு

இங்கேதான் அதிகம் தடுமாறுகிறார்கள், அதனால் நிதானமாகப் போவோம்.

இணைய வரைபடம் டிடிஎஃப் கோப்பை நேரடியாகப் படிப்பதில்லை. யூனிகோட் குறிகளை 256, 256 ஆகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவையும் ஒரு பிபிஎஃப் கோப்பாகக் கேட்கும்: 0-255, 256-511 என்று 65,535 வரை. ஆக ஓர் எழுத்துருவுக்கு 256 கோப்புகள். ரெகுலர், போல்டு, இட்டாலிக் மூன்றும் வேண்டும் என்றால் 768. ஸ்டைலில் தேவையில்லாமல் ஐந்தாறு வகை எழுத்துரு இருந்தால் இந்தக் கட்டத்திலேயே இரண்டாகக் குறைத்துவிடுங்கள்.

டிடிஎஃப்பை இப்படி மாற்ற மேப்லிப்ரேவின் ஃபான்ட் மேக்கர் போதும், பிரவுசரிலேயே ஓடும். நோட்டோ சான்ஸோடு நோட்டோ சான்ஸ் தமிழையும் சேர்த்து ஒரே பெயரில் ஒரு தொகுப்பாக்கிவிடலாம். அந்தப் பெயரும் ஸ்டைலில் டெக்ஸ்ட்-ஃபான்ட்டில் எழுதியிருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். இடைவெளியும் பெரிய எழுத்து, சிறிய எழுத்தும் கணக்கில் வரும். ஒரு லேயர் இரண்டு எழுத்துருக்களைக் கேட்டால், நடுவில் காற்புள்ளி போட்டு இணைத்த பெயர்தான் கோப்புறையின் பெயர்.

இடத்தை மிச்சப்படுத்தச் சில பிரிவுகளை மட்டும் வைத்துக்கொள்ளலாமா? வைக்கலாம், ஆனால் ஊரைத் தெரிந்துகொண்டு வைக்க வேண்டும். தமிழ் 2944-இலிருந்து 3071 வரை இருக்கிறது, எனவே 2816-3071 கோப்பு கட்டாயம். நீலகிரி இரண்டு மாநில எல்லைகளைத் தொடுகிறது. கன்னடப் பெயர்களுக்கு 3072-3327, மலையாளத்துக்கு 3328-3583 வேண்டும். ஆங்கிலத்துக்கு 0-255. நீள் கோடு, வளைந்த மேற்கோள் குறி போன்றவை 8192-8447-இல் இருக்கின்றன, இதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். ஒரு பிரிவு கிடைக்காவிட்டால் அந்த ஓர் எழுத்தோடு போகாமல் அந்த டைலின் மற்றப் பெயர்களும் சேர்ந்து வராமல் போகலாம். என்னைக் கேட்டால், 256-ஐயும் வைத்துவிடுங்கள். எழுத்து இல்லாத பிரிவுகளின் கோப்புகள் மிகச் சிறியவை.

சரி, கோப்பு இருந்தால் தமிழ் ஒழுங்காக வந்துவிடுமா? இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கோத்தகிரியை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு 'கோ' ஓரெழுத்து. கணினிக்கு அது 'க', அதன் பின் 3019 என்ற எண்ணுள்ள ஓகாரக் குறி. பிபிஎஃப் கோப்பில் க-வுக்கு ஒரு படம், குறிக்கு ஒரு படம், அவ்வளவுதான். இரட்டைக் கொம்பு க-வுக்கு முன்னால் வர வேண்டும், கால் பின்னால் வர வேண்டும் என்ற அறிவு அந்தக் கோப்பில் இல்லை. படங்களை வந்த வரிசையில் ஒட்டும் மென்பொருளாக இருந்தால் கொம்பும் காலும் சேர்ந்து க-வுக்குப் பின்னால் போய் நிற்கும். குன்னூரில் 'கு', 'னூ' இரண்டும் உடைந்து உகர, ஊகாரக் குறிகள் தனியாகத் தொங்கும்.

உங்கள் கோப்பைத் திறக்கப்போகும் செயலி இதை எப்படிக் கையாள்கிறது என்பது அதன் பதிப்பைப் பொறுத்தது. அதனால் முழுக் கோப்பையும் கட்டும் முன்பே கோத்தகிரி, குன்னூர் இரண்டும் வரும் ஒரு சிறு பெட்டியை மட்டும் கட்டி, அந்தச் செயலியிலேயே திறந்து பாருங்கள். உடைந்து வந்தால், பெயர்களை ஆங்கிலத்தில் விட்டுவிட்டு, முக்கியமான இருபது முப்பது ஊர்களின் தமிழ்ப் பெயரை மட்டும் எஸ்விஜி படமாக வரைந்து ஐகான்களோடு சேர்த்துவிடலாம். கூடுதல் வேலைதான். ஆனால் உடைந்த தமிழைக் கொடுப்பதைவிட அது எவ்வளவோ மேல். ஊர்க்காரர் ஒருவர் தன் ஊர்ப் பெயரைச் சிதைந்த எழுத்தில் பார்க்கக் கூடாது.

ஒழுங்காக வந்தால், 'டெக்ஸ்ட்-ஃபீல்ட்'-இல் முதலில் தமிழ்ப் பெயர்ப் புலம், அது இல்லையென்றால் பொதுப் பெயர் என்று 'கோஅலெஸ்' சூத்திரத்தால் எழுதுங்கள். தமிழ்ப் புலத்தை மட்டும் கேட்டால், தமிழில் இன்னும் பெயர் பதிவாகாத ஊர்கள் வெறும் புள்ளியாக நிற்கும்.

## 6. ஐகான்

ஐகான்கள் எல்லாம் ஒரே பெரிய படமாக ஒட்டப்பட்டிருக்கும். எந்த ஐகான் எந்த இடத்தில், என்ன அளவில் இருக்கிறது என்று ஒரு ஜேசன் சொல்லும். இந்த ஜோடிக்குத்தான் ஸ்பிரைட் என்று பெயர். எஸ்விஜி கோப்புறையிலிருந்து இதைச் செய்ய ஸ்ப்ரீட் என்ற சிறு கருவி இருக்கிறது. எஸ்விஜி கோப்பின் பெயரே ஐகானின் பெயராகும்.

ஜோடி இரண்டு வேண்டும். சாதாரணத் திரைக்கு ஒன்று, இரட்டை அடர்த்தித் திரைக்கு இன்னொன்று. ஆக நான்கு கோப்புகள். இன்றைய போன்கள் கேட்பது இரண்டாவது ஜோடியை. கணினித் திரையில் சோதித்துவிட்டு முதல் ஜோடியை மட்டும் கட்டினால், கணினியில் எல்லா ஐகானும் தெரியும், போனில் ஒன்றும் தெரியாது.

நான்காம் படியில் எடுத்த படப் பெயர்ப் பட்டியலை ஸ்பிரைட் ஜேசனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சில ஸ்டைல்கள் ஐகான் பெயரைத் தரவிலிருந்தே எடுக்கும். அப்போது பட்டியல் முழுமையாக இருக்காது. திரையில் பார்த்துத்தான் பிடிக்க முடியும்.

## 7. டைல்

இப்போதுதான் டைல். உரிமை உள்ள சேவை ஒன்று கையில் இருந்தால் தனியாக எதுவும் செய்ய வேண்டாம், அடுத்த படியில் கருவியே எடுத்துக்கொள்ளும்.

நீங்களே செய்வதானால் வழி இது: ஜியோஃபேப்ரிக் தளத்தில் இந்தியாவின் தென் மண்டலத்துக்கான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவைத் தனிக் கோப்பாக எடுக்கலாம். பிளானடைலர் என்ற ஜாவா கருவியிடம் அதையும் நம் எல்லைப் பெட்டியையும் கொடுத்தால், ஓப்பன்மேப்டைல்ஸ் அமைப்பில் (டைலுக்குள் எந்தத் தரவு எந்தப் பெயரில் இருக்கும் என்ற ஏற்பாடு), ஜூம் 14 வரை எம்பிடைல்ஸ் கோப்பு ஒன்று செய்து தரும். உங்கள் ஸ்டைலும் அதே அமைப்புக்கு எழுதப்பட்டதாக இருக்க வேண்டும். ஓர் அமைப்பின் டைலுக்கு வேறோர் அமைப்பின் ஸ்டைலைப் பூட்டினால் பிழையே வராது, பின்னணி நிறம் மட்டும் தெரியும். 'சோர்ஸ்-லேயர்' பெயர்கள் பொருந்தாததுதான் காரணம்.

எம்பிடைல்ஸை மார்ட்டின் என்ற சர்வரில் உங்கள் கணினியிலேயே ஓடவிட்டு, ஸ்டைலில் டைல் முகவரியை அதற்குத் திருப்புங்கள். டைல்களைத் தனித்தனிக் கோப்பாக உடைத்துக் கையால் கட்ட முயல்பவர்கள் இரண்டு இடத்தில் சறுக்குவார்கள்.

ஒன்று, வரிசை எண். எம்பிடைல்ஸ் வரிசைகளைத் தெற்கிலிருந்து எண்ணுகிறது, இணைய வரைபடம் வடக்கிலிருந்து. நம் பெட்டியின் தென்கோடி வரிசை ஜூம் 14-இல் 7,681. எம்பிடைல்ஸுக்குள் அது 8,702. இரண்டையும் கூட்டினால் 16,383 வரும். மாற்றாமல் எடுத்தால் நீலகிரி நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலுக்குள் போய்விடும்.

இரண்டு, அமுக்கம். எம்பிடைல்ஸில் வெக்டர் டைல்கள் பொதுவாக ஜிஜிப்பில் அமுக்கப்பட்டிருக்கும். அதைச் சொல்லாமல் சர்வர் அப்படியே அனுப்பினால் 'அன்இம்ப்ளிமென்டட் டைப்' என்ற பிழை வரும். டைல் கெட்டுவிட்டது என்று நினைத்துத் திரும்பச் செய்ய வேண்டாம். அமுக்கத்தை அவிழ்த்தால் போதும், அல்லது அமுக்கப்பட்டது என்று சர்வர் அனுப்பும் பதிலின் தலைப்பில் (ஹெடர்) சொன்னால் போதும்.

மலை நிழலும் வேண்டும் என்றால் உயர டைல்களைச் சேர்க்கலாம். மலைப் பகுதிக்கு இது பெரிய உதவி. ஒரே எச்சரிக்கை: அவற்றை ஜேபெக்காக மாற்றி இடத்தை மிச்சப்படுத்த நினைக்காதீர்கள். அங்கே நிறம்தான் உயரம். டெர்ரேரியம் முறையில் சிவப்பை 256-ஆல் பெருக்கி, பச்சையைக் கூட்டி, நீலத்தை 256-ஆல் வகுத்துக் கூட்டி, 32,768-ஐக் கழிக்க வேண்டும். 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா சிவப்பு 138, பச்சை 77, நீலம் 0. ஜேபெக் அமுக்கத்தில் சிவப்பு ஒரே ஒரு படி மாறினாலும் உயரம் 256 மீட்டர் பிசகும்.

## 8. கட்டுதல்

திருத்திய ஸ்டைலையும், நீங்கள் செய்த எழுத்துரு, ஐகான் கோப்புகளையும் உங்கள் கணினியின் சிறு சர்வரில் வைத்து, ஸ்டைலின் கிளிஃப்ஸ், ஸ்பிரைட் முகவரிகளை அங்கே திருப்பிவிட்டு, 'எஸ்எம்பி டவுன்லோட்' கட்டளைக்கு அதன் முகவரி, எல்லைப் பெட்டி, மேல் ஜூம், வெளியீட்டுக் கோப்பின் பெயர் ஆகிய நான்கையும் கொடுங்கள். ஸ்டைல் கேட்கும் எழுத்துரு, ஐகான், டைல் எல்லாவற்றையும் அது இழுத்து, முகவரிகளைக் கோப்புக்குள்ளேயே சுட்டுமாறு மாற்றிக் கட்டிவிடும். இவ்வளவு எளிது என்றால் முந்தைய படிகள் எதற்கு? கருவி ஸ்டைலில் இருப்பதைத்தான் கட்டும். ஸ்டைலில் ஓட்டை இருந்தால் அந்த ஓட்டையோடு கட்டும்.

கையால் ஜிப் செய்பவர்களுக்கு: கோப்புறைக்கு உள்ளே போய், இருப்பதை எல்லாம் தேர்ந்தெடுத்து ஜிப் செய்யுங்கள். கோப்புறையையே ஜிப் செய்தால் ஸ்டைல்.ஜேசன் ஒரு படி உள்ளே போய்விடும். செயலி வேரில் தேடிவிட்டு, இது வரைபடம் இல்லை என்று சொல்லும். ஏற்கெனவே அமுக்கிய டைல்களை ஜிப்பில் மறுபடி அமுக்க வேண்டாம். அளவு குறையாது, திறக்க மட்டும் நேரமாகும். ஸ்டைலை முதலிலும், தாழ்ந்த ஜூம் டைல்களை உயர்ந்தவற்றுக்கு முன்னும் வையுங்கள்.

பழைய ஜிப் அமைப்பில் 65,535 கோப்புகளுக்கு மேல் இடமில்லை. மேலே பார்த்த ஜூம் 17 ராஸ்டர் அந்த எல்லையைத் தனியாகவே தாண்டிவிடும். அப்படியானால் உங்கள் கருவியும், திறக்கும் செயலியும் ஜிப்64 என்ற பெரிய ஜிப் வடிவத்தைப் புரிந்துகொள்ள வேண்டும்.

## 9. இணையத்தை அணைத்துச் சோதியுங்கள்

'எஸ்எம்பி வியூ' கொடுத்து, எல்லாம் வந்துவிட்டது என்று முடித்துவிடாதீர்கள். பிரவுசர் நேற்றே எடுத்துவைத்த எழுத்துருவை இன்று காட்டிக்கொண்டிருக்கலாம். பிரைவேட் ஜன்னலைத் திறந்து, நெட்வொர்க் பக்கத்தை வைத்துக்கொண்டு வரைபடத்தை நகர்த்துங்கள். ஸ்டைல், டைல், எழுத்துரு, ஐகான் எதற்காவது வெளி முகவரிக்கு ஒரே ஒரு கோரிக்கை போனாலும் அது ஓட்டை. நீங்களே செய்த வலைப்பக்கத்தில் சோதித்தால், மேப்லிப்ரேவின் நிரல் கோப்பும் வெளியிலிருந்து வருகிறதா என்று பாருங்கள். அது வராமல் போனதற்கு வரைபடக் கோப்பைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

அப்புறம் கோப்பை, இதுவரை இந்த வரைபடத்தைத் திறக்காத ஒரு போனுக்கு மாற்றி, ஏரோபிளேன் மோடில் போட்டுத் திறந்து பாருங்கள். ஜூம் 0-இலிருந்து 18 வரை ஒரே இடத்தில் ஏறி இறங்குங்கள். 14-ஐத் தாண்டும்போது கவனமாகப் பாருங்கள். உதகமண்டலத்தில் ஐகான்கள், கோத்தகிரியிலும் குன்னூரிலும் எழுத்து, கூடலூருக்கு மேற்கே மலையாளப் பெயர், முதுமலைக்கு வடக்கே கன்னடப் பெயர், முக்குருத்திப் பக்கம் ஓடைப் பெயர் என்று நான் ஒரு சுற்று வருவேன். பெட்டியின் நான்கு மூலைகளுக்கும் போய்ப் பார்ப்பேன். பத்து நிமிடம்கூட ஆகாது.

## 10. கொடுக்கும்போது

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்களுக்கான நன்றிக் குறிப்பு அட்ரிப்யூஷன் புலத்தில் இருக்கிறதா, திரையில் தெரிகிறதா என்று பாருங்கள். ஓப்பன்மேப்டைல்ஸ் அமைப்பைப் பயன்படுத்தியிருந்தால் அவர்கள் பெயரும் வேண்டும். இணையம் இல்லை என்பதால் உரிமம் இல்லாமல் போய்விடாது.

மெமரி கார்டில் கொடுப்பதானால், எஃப்ஏடி32 வடிவில் உள்ள கார்டில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. ஜிப்பின் அட்டவணை கோப்பின் கடைசியில் இருக்கிறது; நகலெடுப்பது பாதியில் நின்றால், முக்கால்வாசி ஏறியிருந்தாலும் ஒன்றும் திறக்காது. நகலின் அளவை மூலக் கோப்போடு பைட் கணக்கில் ஒப்பிட்டுவிட்டுக் கொடுங்கள்.

கோப்பின் பெயரில் ஊரையும் தரவின் தேதியையும் போடுங்கள். திருத்திய ஸ்டைல், எழுத்துரு, எஸ்விஜி கோப்புறை, ஓட்டிய கட்டளை நான்கையும் ஒரே இடத்தில் சேர்த்து வையுங்கள். களத்திலிருந்து திரும்பி வருபவர்கள் 'இந்தப் பாலம் இப்போது இல்லை, அந்தப் பாதை புதிது' என்று சொல்வார்கள். அதை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் திருத்திவிட்டு, ஜியோஃபேப்ரிக்கில் புதிய தரவு வந்ததும் ஏழாம் படியிலிருந்து ஓட்டினால் போதும்.